மேசை மேல் பச்சைப் பொடி

ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது!

சின்ன டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். வராதா பின்னே? சர்க்கரை நோயாளிகளிடம், “கண்ட பொடியையும் தின்னாதீங்க” என்று அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, பெரிய டாக்டரம்மாவின் மேசையிலேயே ஒரு பாட்டில் பச்சைப் பொடி. ஸ்பூனோடு!

கேட்டேவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் உள்ளே வந்தார். சின்ன டாக்டரே அனுப்பிய கேஸ்தான்.

ஒரே மாதத்தில் இரண்டு தடவை சர்க்கரை இறங்கி, தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தவர். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

“மாத்திரை தவிர வேற எதுவும் சாப்பிடலைங்கறார் மேடம். எனக்குக் காரணமே புரியலை.”

“என் பிள்ளைங்க மேல சத்தியம் சார்!” என்றார் தையல்காரர்.

டாக்டரம்மா பாட்டிலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

தையல்காரரின் முகம் மலர்ந்தது. “அம்மா... நீங்களுமா?”

“உஷ்! இவர் காதுல விழுந்தா என்னையும் திட்டுவார். நீங்க எது சாப்பிடுறீங்க?”

“காலையில கொழுந்தியா அரைச்ச விதைப்பொடி. ராத்திரி மச்சான் குடுத்த வேர்க்கஷாயம். நடுவுல சும்மா இருப்பானேன்னு...”

பையிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. அதை வைத்து ஒரு கடையே போடலாம்.

டாக்டரம்மா திட்டவில்லை. “மாத்திரையும் சர்க்கரையை இறக்குது, இதுங்களும் இறக்குது. எல்லாம் சேர்ந்து ஆளையே சாய்ச்சிருக்கு. இப்போதைக்கு மாத்திரை மட்டும் போதும். மத்ததெல்லாம் எங்கிட்ட இருக்கட்டும். எதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்றேன், சரியா?”

“நீங்க சொன்னா சரிம்மா.” கும்பிட்டுவிட்டுப் போனார்.

சின்ன டாக்டருக்கு ஒரு பக்கம் வெட்கம். ஆனாலும் விட மனசில்லை.

“அவர் தப்பிச்சார், சந்தோஷம். ஆனா படிச்ச நீங்களே பொடியை நம்பலாமா மேடம்? உங்க சர்க்கரை எவ்வளவு?”

“எனக்கேது தம்பி சர்க்கரை?”

“அப்போ இது?”

“நரைக்குப் போடுற மருதாணிப் பொடி. உங்களை மாதிரிதான் நானும் இருபது வருஷம் கத்தினேன். ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை. இந்த பாட்டிலை வெச்சேன், ஒருத்தர்கூட வாயை மூடலை!”