பதிவில் இருந்த குரல்

கணவனின் கண் ஆபரேஷனுக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை ஒரே போனில் பறிகொடுத்திருந்தாள் சலவைக்கடைக்காரி. புகாருக்கு ரசீது வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்றுதான் முதன்முறையாகக் காவல் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே ஓடிபியைச் சொல்லிட்டு இங்க வந்து அழுதா எப்படிம்மா?" என்றார் ஏட்டு.

திருடன் போன மாதம் பேசியது அவள் போனில் பதிவாகியிருந்தது. போட்டுக் காட்டினாள். அவன் நன்றி சொல்லிப் போனை வைத்த பிறகும் பதிவு ஓடியது.

"நீங்களே ஓடிபியைச் சொல்லிட்டு இங்க வந்து அழுதா எப்படிம்மா?"

ஏட்டின் குரல்தான். அடுத்து அவள் குரல்: "சரிங்க சார், நான் கிளம்புறேன்."

அதை அவள் இன்னும் சொல்லவில்லை. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பதிவில் கதவு சாத்தும் சத்தமும், பின்னாலேயே ஏட்டின் சிரிப்பும் கேட்டன.

எதிரே இருந்த ஏட்டு சிரிக்கவில்லை. அவள் எழுந்திருக்கக் காத்திருந்தார்.