தண்ணீர்த்தொட்டியை ஒட்டிய இடம்

மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

தாஹிராவின் விளையாட்டை இதுவரை ஆறாயிரத்து இருநூறு முறை ஆடியிருக்கிறார்கள்.

அவளுடையதைப் பதினான்கு முறை.

அதில் ஒன்பது முறை அவளே.

வகுப்பில் எல்லோரும் செய்த கணினி விளையாட்டுகளைக் கல்லூரி இணையத்தில் ஏற்றிப் பத்து நாள்தான் ஆகிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். அவள் நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு நகரத்தையே செய்திருந்தாள். பேருந்துகள் சிவப்புக்கு நின்றன, பச்சைக்கு நகர்ந்தன. ஒரு பிழை கிடையாது.

தாஹிரா செய்தது ஒரு ஆடு. அது மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாவும். அவ்வளவுதான்.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, எரியத்தான் செய்தது.

ஏற்றுவதற்கு முன் ஒருவர் செய்ததை இன்னொருவர் ஆடிப் பார்க்க வேண்டும். பிழைகளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது வகுப்பு வழக்கம். சீட்டுக் குலுக்கியதில் தாஹிராவின் ஆடு அவளுக்கு வந்தது.

மூன்றாவது மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டியை ஒட்டித் தாவினால் ஆடு தரைக்குள் போய்விடும். கீழே தாஹிரா எதையும் வரைந்திருக்கவில்லை. வெறும் நீலம். அதில் நாலு காலையும் விரித்துக்கொண்டு ஆடு விழுந்துகொண்டே இருக்கும்.

பார்த்தாள். மூன்று முறை விழவைத்துப் பார்த்தாள்.

தாளில் 'பிழை இல்லை' என்று எழுதினாள்.

ஊரே சிரிக்கட்டும் என்றுதான்.

ஊர் சிரித்தது. சிரித்துவிட்டு, கூட நாலு பேரை அழைத்து வந்தது. யார் அதிக நேரம் விழுவது என்று பள்ளிப் பிள்ளைகள் போட்டி வைத்தார்கள். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்: 'டியூட்டி முடிஞ்சு வந்து தினமும் பத்து நிமிஷம் விழறேன். மனசு லேசாயிடுது.'

நான்காவது மாடிக்கு யாருமே போகவில்லை.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு தாஹிரா உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நெசத்தச் சொல்லு. அந்த எடத்த நீ பாக்கவேயில்லையா?"

குரலில் துளி கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இல்லை என்றால், இவ்வளவு பெரிய ஓட்டை கண்ணில் படாத முட்டாள். ஆமாம் என்றால், அதைவிடக் கேவலம்.

"பாத்தேன்" என்றாள். "நல்லாருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

தாஹிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நான் பாத்திருந்தா அடச்சிருப்பேன்டீ. அப்ப இது நம்ம ரெண்டு பேரோடதும்."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். விளையாட்டின் முகப்பில், தன் பெயருக்குக் கீழே இவள் பெயரைத் தட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் இவள் வாயைத் திறந்தாள்.

"இனிஷியல விட்டுட்டியே" என்றாள்.