வருத்தம் வராத மரம்

"எனக்குக் கண் தெரியேல்லை எண்டு சொல்லாதை பிள்ளை! விடியக் கடை திறக்க முன்னம் வாளியோடை வந்து மரத்தடியிலை ஊத்தினது ஸ்ரீஸ்கந்தராசாதான்!"

மருமகள் தயாளினி சிரிச்சாள். "தண்ணியா இருக்கும், மாமி."

"தண்ணியோ? கடைப் பலகையை மரம் மறைக்குதெண்டு போன வருசமே புறுபுறுத்த ஆள்! என்ன மருந்தைக் கரைச்சானோ."

தில்லைநாயகிக்கு அது சும்மா மரமில்லை. முந்தி பாரிசிலை, லாச்சப்பல் தெருவிலை, அதே இடத்திலை பெரிய எல்ம் மரமொண்டு நிண்டது. எண்பத்தாறிலை அவ வந்திறங்கின அண்டு, புருசன் மகேந்திரராசா அதுக்குக் கீழைதான் பழைய கோட்டொண்டோடை காத்து நிண்டவர். ரெண்டு பேர் புகலாம், அவ்வளவு பெரிய கோட்டு. அதை வாங்கின கதைக்குள்ளை போனால் பொழுதுபட்டிடும், விடுவம்.

பிறகு எல்ம் மரங்களுக்கு வாற பூஞ்சண நோய், அந்த வருத்தம் வந்து அது பட்டுப்போச்சு. அடுத்த மாரியிலை அவரும் போய்ச் சேந்திட்டார்.

இரண்டாயிரத்துப் பதினொண்டிலை நகரசபை அங்கை புது எல்ம் மரக்கண்டொண்டு நட்டது. "வேறை வேறை சாதி எல்மைக் கலந்து உண்டாக்கினது, மதாம். அந்த வருத்தம் இதை விழுத்தாது" எண்டு நகரசபைத் தோட்டக்காரர் லூசியன் சொல்ல, அவவுக்குப் பாதி உயிர் திரும்பினது.

மூண்டு வருசத்திலை இலையெல்லாம் ஓரம் கருகிப்போச்சு. தேறாட்டில் நகரசபை புடுங்கிப்போடுமாம். விடுவாவோ? லூசியனைக் கையோடை கூட்டிவந்து கடைக்காரர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முன்னாலை நிப்பாட்டினா.

"இவர்தான் முசியே, கேளுங்கோ!"

லூசியன் மண்ணைக் கிண்டினார். வெள்ளையா மினுங்கிச்சு. "உப்பு! ஆர் போட்டது?"

தில்லைநாயகி குனிஞ்சு மண்ணைப் பாத்தா. மரத்துக்குக் கண்ணூறு நாவூறு படக்கூடாதெண்டு, வெள்ளிக்கு வெள்ளி உப்பும் மிளகாயும் சுத்தினது அவ. வீட்டிலை எரிச்சால் புகைக்கு அபாயமணி அடிக்குமெண்டு மரத்தடியிலையே கொட்டினதும் அவ. மிளகாயைப் புறா கொண்டுபோச்சு. உப்பு?

"நான்தான்" எண்டார் ஸ்ரீஸ்கந்தராசா. "பனிக்கு வாசல் வழுக்காமல் போட்டனான். என்ரை பிழை. இப்ப நல்லதண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுறன்."

"அதாலைதான் இன்னும் உயிர் கிடக்கு. இனிப் போட்டால் தண்டம்" எண்டு அவரின்ரை பேரை எழுதிக்கொண்டு லூசியன் நடந்தார்.

"தம்பி… நீர் உப்புப் போட்டதை நான் ஒருநாளும் காணேல்லையே?"

"நீங்கள் போடுறதை நான் வெள்ளிக்கு வெள்ளி காணுறனான், அக்கா."

தில்லைநாயகி தெருப்பக்கம் திரும்பினா. எதிரிலை இருக்கிற தன்ரை வீட்டு யன்னலை அண்ணாந்து சத்தம் போட்டா:

"பிள்ளை தயாளினி! தம்பிக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் எடுத்துக்கொண்டு கடைக்குள்ளை வா!"