குளத்தில் விழுந்த வெயில்

"முதல்ல அந்த ஆளோட போனை வாங்குங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

மூன்றாவது மாடிப் பல் டாக்டர் உட்காரவே இல்லை. மின்விசிறிக்கு நேர் கீழே சங்கச் செயலாளர் இழுத்துப் போட்ட நாற்காலி சும்மா கிடந்தது. அந்தம்மா நின்றுகொண்டேதான் பேசினார்.

எதிரே நின்றவர் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளத்து லைஃப்கார்டு. குளத்தோரம் உயரமான நாற்காலியில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் கொக்கு. பெரியவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். சொந்தப் பெயரைக் கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

"பதினோரு நாளா என் பால்கனியில இருந்து பாக்கறேன். சாயங்காலம் நாலரை ஆனா போதும், போனை எடுத்துக் குளத்தைப் படம் பிடிக்கிறான். உள்ள குழந்தைங்க நீந்திட்டிருக்காங்க. என் பையனும் அதுல இருக்கான்!"

"அடப்பாவி!" என்றார் ரிட்டையர்டு எஞ்சினியர். சங்கத்தில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் யாருக்காவது திட்டு விழப்போகிறது என்று தெரிந்தால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

"அதோட விட்டானா? படம் எடுத்த கையோட கீழ இறங்கி, குளத்தைச் சுத்திச் சுத்தி வர்றான். பொம்பளைங்க உக்காந்திருக்கற பக்கமாவும் வர்றான். நாற்காலி எதுக்கு இருக்கு?"

"ஏம்ப்பா, உண்மையா?" என்று செயலாளர் கேட்டார்.

"உண்மைதான் சார். நான்தான் உங்ககிட்ட ஏற்கெனவே..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போனைக் குடு."

கொக்கு போனைத் திறந்து கொடுத்தார். மூன்று தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன.

முதல் படத்தில் தண்ணீர். தண்ணீர்மேல் வெயில். அடுத்ததிலும் அதேதான். செயலாளர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். இருபது, முப்பது, நாற்பது. ஒரு குழந்தை இல்லை, ஒரு பெண் இல்லை. வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் மட்டும் இருந்தது.

மூன்று முகங்களும் தொங்கிப்போயின. ஒரு அயோக்கியனைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம் என்று ஆசை ஆசையாக வந்தவர்கள் அவர்கள். இப்படி ஏமாற்றிவிட்டானே என்று எரிச்சலாக இருந்தது.

"காலையிலயே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேனே," என்றார் பல் டாக்டர் மெதுவாக. "நாப்பது பேர் கட்டைவிரல் காட்டியிருக்காங்க. இப்ப ஒண்ணுமில்லைன்னு எப்படிச் சொல்றது?"

அது நியாயமான கவலையாகவே மற்ற இருவருக்கும் பட்டது.

"ஓஹோ, சார் பெரிய போட்டோகிராபரா?" எஞ்சினியர் ஆரம்பித்தார். "கண்காட்சி எப்போ? எங்களுக்கெல்லாம் அழைப்பு உண்டா?"

"அதுக்கும் லாயக்கில்லை," என்றார் பல் டாக்டர். "இவ்வளவு எடுத்திருக்கான், ஒண்ணாவது உருப்படியா இருக்கா பாருங்க."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "தண்ணியில வெயில் மின்னுறது அழகாத்தான்ப்பா இருக்கும். ஒத்துக்கறேன். ஆனா சங்கம் உன்னை வெச்சிருக்கறது குழந்தைங்களைப் பாத்துக்க. உக்காந்து ரசிக்கறதுக்கு இல்ல. நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

பல் டாக்டர் அப்போதுதான் உட்கார்ந்தார். குரூப்பில் போடுவதற்கு ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது.

கொக்கின் முகம் வெளுத்துவிட்டது.

"சரி சார். அடுத்து வர்ற ஆளுக்காவது அந்த நாற்காலியைப் பழைய இடத்துல போட்டுடுங்க."

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?" செயலாளர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"எந்த நாற்காலி?" என்று எஞ்சினியர் விடாமல் கேட்டார்.

"நான் உக்கார்ற நாற்காலிதான் சார். போன மாசம் வரைக்கும் குளத்துக்கு மேற்குப் பக்கம் இருந்துச்சு. வெயில் எனக்கு முதுகுல அடிக்கும். இப்ப கிழக்குப் பக்கம் மாத்திட்டாங்க. நாலு மணிக்கு மேல வெயில் தண்ணியில பட்டு நேரா என் கண்ணுக்கு வருது."

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றார் பல் டாக்டர், நிமிர்ந்து உட்கார்ந்து. "பழைய இடத்துல உக்காந்தா நேரா என் பால்கனியைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. துணி காயப்போடக்கூட சங்கடம். கண்ணு கூசினா ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"போட்டும் பாத்துட்டேன்மா, தெரியல. அதான் அந்த நேரத்துல இறங்கி நடக்கறேன். ஆனா நான் ஒரு மூலைக்குப் போனா இன்னொரு மூலை தூரமாயிடுது. சார்கிட்ட மூணு தடவை சொன்னேன். வாயால சொன்னா போதாது, ஆதாரம் கொண்டான்னாரு. மேல உக்காந்தா எனக்கு என்ன தெரியுதோ, அதை அப்படியே தினமும் எடுத்தேன்."

செயலாளர் விடவில்லை. "ஆதாரம்னா அதுல ஏதாவது தெரியணும்ல? என்னய்யா தெரியுது இதுல?"

பல் டாக்டர் போனை வாங்கி, கடைசிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். "எங்க பாத்தாலும் வெளிச்சம். ஒண்ணுமே தெரியல."

"ஆமாம்மா, தெரியாது. அது நேத்து நாலு நாப்பதுக்கு எடுத்தது." கொக்கு குரலை உயர்த்தவில்லை. "படம் எடுத்துட்டு மேல இருந்தே எண்ணினேன், குளத்துல ஏழு குழந்தைங்க. மனசு கேக்காம இறங்கி ஓடிவந்து பாத்தேன், எட்டு. அந்த வெளிச்சத்துக்கு அடியில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்கிக் கிடந்தது உங்க பையன்."