விரற்கடை வெள்ளை

கல்லூரி முதல்வர் அறையில், விளையாட்டு மாணவர்களுக்குத் தனி வகுப்பு வைப்பது பற்றிக் கூட்டம் நடக்கிறது. காலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி, போட்டிப் பயணம் என்று வெள்ளைப் பலகையில் வாரம் முழுவதையும் கோச் நீல மையால் நிரப்பிவிட்டார். மிச்சமிருக்கும் விரற்கடை வெள்ளையில் கணிதப் பேராசிரியை சிவப்பில் ‘கணிதம்’ என்று நெருக்கி எழுதுகிறார். கருத்துக் கேட்க அழைக்கப்பட்ட ஓட்டக்காரப் பெண் கடைசி நாற்காலியில், வீங்கிய முழங்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருக்கிறாள். “கணக்கெல்லாம் இவளுக்கு எதுக்கு மேடம்? லேசான பாடமா மாத்தி விடுங்க. பாஸானா போதும், டீம்ல இருக்கலாம்” என்கிறார் கோச். “கணக்கு படிக்கத்தான் சார் நான் இங்க சேர்ந்தேன்.” “அடேயப்பா! ஓடுற குதிரைக்கு வாய்ப்பாடு வேணுமாம்.” கோச்சோடு முதல்வரும் சேர்ந்து சிரிக்கிறார். அவள் நிமிராமலே கேட்கிறாள்: “கால் போயிடுச்சுன்னா, அப்புறம் நான் என்ன சார் பண்றது?” சிரிப்பு நின்றுவிடுகிறது. பையிலிருந்து நீர் சொட்டுகிறது. முதல்வர் குனிந்து பார்க்கிறார். “கார்பெட் நனையுது பாரும்மா. அதைக் கொஞ்சம் வெளிய வச்சுட்டு வா.” அவள் எழுந்து நொண்டியபடி போகிறாள். “அவ சொல்றதும் சரிதான், காலைப் பாத்துக்கணும்” என்ற கோச், உள்ளங்கையால் சிவப்பு எழுத்தைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் ‘முழங்கால் சிகிச்சை’ என்று நீலத்தில் எழுதுகிறார்.