காய் வந்த பிறகு

அவள் பொத்தானை அழுத்தவில்லை.

கேமராவுக்குக் கீழே தாள் தயாராக இருந்தது. வெள்ளை நூலால் தைத்த ஒரு காய்ந்த செடி. கீழ்மூலையில் ஒட்டிய சீட்டு.

சேகரித்தவர்: கே. கே. எண்: 412. நாள்: 14 டிசம்பர் 2008. இடம்: தேரிக்காடு, செம்மணல். பூ மஞ்சள்.

அவளுடைய கையெழுத்துதான்.

கல்லூரியின் தாவரக் காப்பகத்தில் அவளுக்கு இது மூன்றாவது வாரம். பதினாறு வருடம் வீட்டில் இருந்தவளுக்குக் கிடைத்த வேலை இது. பழைய செடித் தாள்களைப் படம் எடுத்து, சீட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். இவ்வளவு பிடித்துப்போகும் என்று அவள் நினைக்கவில்லை. அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

இதே கட்டடத்தில் ஒரு காலத்தில் ஆராய்ச்சி செய்ததை அவள் விண்ணப்பத்தில் எழுதவில்லை. பாதியில் விட்டதை என்னவென்று எழுதுவது? அப்போதிருந்த பேராசிரியர்கள் யாரும் இப்போது இல்லை.

தன் பழைய தாள்கள் வரும் என்று தெரிந்தேதான் வந்தாள். வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக.

அன்று தானாக இருந்த அந்தப் பெண்ணின் எழுத்தில் தயக்கமே கிடையாது. 'உறுதி' என்று எழுதி அடிக்கோடு வேறு போடுவாள். இருபத்தாறு வயதில் எதில் அவ்வளவு உறுதியோ. மூன்று வாரமாக இவள் அவளோடு மல்லுக்கு நிற்கிறாள். பொறாமை என்றே சொல்லலாம்.

திங்கட்கிழமை, திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆல்வின் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டிருந்தான்.

"மேடம், இந்த கே. கே. யாருன்னே தெரியல. ரெண்டாயிரத்தி எட்டுக்கு அப்புறம் ஒரு தாள்கூட இல்ல. இறந்துட்டாவன்னு நெனைக்கேன். காலமானவர்னு போட்டுறட்டா?"

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.

அவனுக்கு அவள் ஆர். கோதை. கே. கே. என்றால் கே. கோதை; முதல் கே. அப்பாவின் இன்ஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில், வங்கியில், மகளின் பள்ளியில் எல்லாம் அது ஆர். ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் திறந்தால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் என்ன பண்ணுனீங்க?

"போட்டுருங்க தம்பி."

மாலைக்குள் திரையில் கே. கே.யின் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி வந்துவிட்டது.

இப்போது இந்தக் கடைசித் தாள். அதில் ஒட்டியிருந்த சிறு உறைக்குள் மடித்த துண்டுக் காகிதம் ஒன்று இருந்தது. பென்சில் எழுத்து.

'கிலுகிலுப்பை வகை. எது என்று காய் பார்த்தால்தான் உறுதி. ஜனவரியில் மறுபடி வரணும். இன்று தலைசுற்றல். ஒரு பனையடியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான்.'

வெயில் இல்லை.

அவள் விரல்விட்டு எண்ணினாள். மகள் பிறந்தது ஜூலையில்.

அன்று தேரிக்காட்டில் அந்தப் பெண் தனியாக இல்லை. அது அவளுக்குத் தெரியாது. ஜனவரியில் வருகிறேன் என்று எழுதி வைத்துவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள்.

ஜனவரியில் டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். அடுத்த ஜனவரியில் குழந்தைக்குச் சளி. அதற்கப்புறம் ஜனவரியை யார் எண்ணினார்கள்?

மகளைப் பெற்றதில், வளர்த்ததில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் தொல்லை. யார் மேலாவது பழியைப் போட முடிந்திருந்தால் அந்தப் பெண் பேசாமல் போயிருப்பாள்.

போகவில்லை. வீட்டில் அரிசி களையும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். துணி மடிக்கும்போதும் நின்றாள். திரும்பினால் யாரும் இல்லை. செருப்பில் செம்மணல் இருக்கும் என்று மட்டும் தெரிந்தது.

எப்போது வருவாய் என்று அவள் கேட்கக்கூட இல்லை. காத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் டியூஷனுக்குப் போனதும் இவள் பேருந்து ஏறினாள். ஜனவரி மாதம்.

செம்மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். இந்த முறை தனியாக.

பனைகள் குறைந்திருந்தன. புதிதாகக் கம்பிவேலி. வேலி ஓரத்தில், முழங்கால் உயரத்தில், செடி இருந்தது. காய்கள் முற்றிக் கறுத்திருந்தன. ஒன்றை நகத்தால் பிளந்தாள். லென்ஸை வைப்பதற்கு முன்பே எது என்று தெரிந்துவிட்டது. ஒன்றும் மறக்கவில்லை. மறந்திருந்தால் அழுகை வந்திருக்காது.

செடி சேகரிப்பவர்களுக்கு எண் வரிசை ஒன்றே ஒன்றுதான். ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கக்கூடாது. ஆள் போனால்தான் வரிசை நிற்கும்.

செய்தித்தாள் மடிப்புக்குள் பத்து நாள் காய வைத்தாள். தைத்தாள். சீட்டு எழுதி ஒட்டினாள். ஆல்வின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவன் சீட்டைப் படித்தான். சேகரித்தவர்: கே. கே. எண்: 413.

திரையைப் பார்த்தான். மறுபடியும் சீட்டைப் பார்த்தான்.

"மேடம், இவிய இறந்துட்டாவல்லா?"

"ஆமா தம்பி," என்றாள். "சேகரிச்ச தேதி ஜனவரி பன்னெண்டு. இந்த வருசம்."