முன் பிளேட்டுத் திருடன்

திருடன் இந்தத் தடவையும் முன் நம்பர் பிளேட்டை மட்டும்தான் எடுத்திருந்தான்.

"புது பேட்டரி இருக்கு, தொடலை. தார்ப்பாய் இருக்கு, தொடலை. ஸ்டெப்னி சும்மா கெடக்கு, அதுவும் வேணாமாம். முன் பிளேட்டு மட்டும் போச்சுண்ணே!" சொல்லிவிட்டு டிரைவர் பட்டறை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்கள் இரண்டும் செங்கல்பொடி தூவினாற்போல் சிவந்திருந்தன.

பட்டறைக்காரர் பிக்கப் வண்டியின் மூக்கைப் பார்த்தார். ஒரே மாதத்தில் இந்த மூக்குக்கு அவர் பிளேட் மாட்டப்போவது மூன்றாவது முறை. காலையிலிருந்து நான்கு வண்டிகளுக்கு அடியில் படுத்தெழுந்த முதுகு, இன்னொரு தரம் குனிய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"பம்பர் ஏன்யா இப்படி நசுங்கியிருக்கு? போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஒரு கம்பம் குறுக்க வந்துடுச்சுண்ணே."

"கம்பம் எப்பலேருந்து நடக்க ஆரம்பிச்சுது?"

டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார்; அது பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது. வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. திருடு போன பிளேட் அவள் மடியில்தான் இருந்தது.

அதுதான் வேடிக்கை. வியாழக்கிழமை விடிகாலையில் காணாமல் போகிற பிளேட், வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம், ஒரு கீறல் இல்லாமல் கிடக்கும்.

"வாங்கின பொருளைத் திருப்பித் தராதவனைத்தான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன். திருடினதையே திருப்பித் தர்றானே, இவன் கால்ல விழணும்ப்பா" என்றார் பட்டறைக்காரர்.

"திருடனும் இல்ல, கிருடனும் இல்லண்ணே. எல்லாம் அந்தப் பூனைக்கண்ணன் வேலை."

பூனைக்கண்ணன், அதே குடோனுக்கு வண்டி ஓட்டும் இன்னொரு ஆள்.

"வியாழக்கிழமைதான் தூர லோடு. குடோன் கேட்டுல கேமரா. முன் பிளேட்டைப் படிச்சாத்தான் குறுக்குக் கட்டையை மேல தூக்கும். வாட்ச்மேன் என்கூட டீ குடிக்கறவன், அவனே கைய விரிக்கறான். 'கேமராவுக்கு உன் மூஞ்சி தெரியாது, நம்பர்தான் தெரியும்'ங்கறான். வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்து படுத்தா, சாயந்தரம்தான் எந்திரிக்கறேன். அதுக்குள்ள என் லோடை அவன் ஏத்திக்கிட்டுப் போயிடறான்."

"கண்ணால பாக்காம ஒருத்தரைச் சொல்லாதீங்க" என்றாள் சம்சாரம், வண்டிக்குள்ளிருந்து.

"நீ சும்மா இரு. அடுத்த வியாழனும் தவறினா அந்த லோடு நிரந்தரமா அவனுக்குத்தான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. மத்த ஆறு நாள் ஓட்டம் வயித்துக்கே சரியாப் போகுது. பொண்ணைக் காலேஜ்ல சேக்கறதுக்கு இந்த ஒரு லோடைத்தான்ணே நம்பியிருக்கேன்."

பட்டறைக்காரர் பெருமூச்சு விட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை இறக்கினார். உள்ளே இருந்த ஸ்க்ரூக்களின் தலையில் நட்சத்திரம் போல ஒரு குழி. குழிக்கு நடுவே ஊசிமுனை போல ஒரு முள்.

"இதப் போட்டுட்டா எந்த ஸ்க்ரூடிரைவரும் செல்லாது. இந்தச் சாவிக்கு மட்டுந்தான் அசையும். ஆனா வெலையக் கேட்டா தூக்கம் போயிடும்."

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே. ராத்திரி வண்டி ஓட்டணும்."

விலையைக் கேட்டும் தூக்கம் போகவில்லை. சாவியை வாங்கி வண்டிச் சாவிக்கொத்தில் கோத்த கையோடு, டிரைவர் சுவரில் தலையைச் சாய்த்துவிட்டார்.

பட்டறைக்காரர் பம்பரைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். நாலு தட்டுக்கும் டிரைவரின் இமை அசையவில்லை. பழைய ஓட்டைகள் கோணிப்போயிருந்ததால், பக்கத்தில் புதிதாக இரண்டு போட வேண்டியிருந்தது.

"கொஞ்சம் இறங்கிப் பிடிம்மா. உன் வீட்டுக்காரர் கனவுல ஊர்வலம் போயிட்டாரு."

அவள் இறங்கி வந்து பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டிரில் இரைந்தபோதும் கை ஆடவில்லை.

"நீயும் லோடுக்குக் கூடவே போறியாம்மா?"

"முடிஞ்ச அன்னிக்கெல்லாம் போறேண்ணே. பக்கத்துல யாராவது பேசிக்கிட்டே வந்தாத்தான் கண்ணு மூடாம இருக்காரு."

ரப்பர் வாஷரை வைத்து, ஸ்க்ரூவை ஏற்றி, பட்டறையில் வைத்திருந்த தன் சாவியால் கடைசிச் சுற்று வரை இறுக்கினார் பட்டறைக்காரர். பிளேட்டை ஆட்டிப் பார்த்தார். மலைபோல் நின்றது.

"இனிமே பூனைக்கண்ணன் பருப்பு இங்க வேகாது. போய் நிம்மதியா இரு."

அவள் கட்டைவிரல் நகத்தை ஸ்க்ரூவின் தலையில் வைத்துத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். வாய் பிளந்து, சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி கிடந்தார் டிரைவர்.

"அண்ணே..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்தச் சாவியில இன்னொண்ணு இருக்குமா?"

"எதுக்கும்மா? அவர்கிட்டதான் ஒண்ணு குடுத்திருக்கேனே!"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"வாரத்துல ஒரு நாளாவது இந்த மனுஷன் தூங்க வேண்டாமாண்ணே?"